ரவிக்கைக்குக் கீழே ஆறு குமிழ்கள்

முப்பத்தோரு வருடம் அடுத்தவர் நெஞ்சில் குமிழ் ஒட்டிப் பிழைத்தவன், போன மாதம் முதல் தடவையாக நானே கட்டிலில் படுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறும்போது இரைத்தது. மனைவி விடவில்லை, ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனாள்.

ஈ.சி.ஜி. எடுத்த பெண்ணுக்கு என்னைத் தெரிந்திருந்தது. இப்போதெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அரை நிமிடத்தில் மெஷின் கோடு போட்டு, அதன் தலையில் இதயம் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் தானே தீர்ப்பும் எழுதிவிட்டது.

"இப்பல்லாம் மெஷினே படிச்சுச் சொல்லிருது அண்ணாச்சி. உங்க காலத்துல என்ன பண்ணுனிய?"

"நாங்களும் நல்லாருக்குன்னுதான் எழுதிக் குடுத்தோம். மெஷின் அளவுக்கு வேகம் கெடையாது."

அவள் சிரித்துவிட்டு, டெக்னீசியன்கள் சேர்ந்து போடும் மலருக்கு அனுபவக் கட்டுரை எழுதித் தரச் சொன்னாள். சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டிருப்பாள். மரியாதைக்குக் கேட்டதை நிஜம் என்று நம்புவது ஓய்வு பெற்றவர்களின் வழக்கம். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படிப்பு ஒரு வருடம், மதுரையில். அதில் பதினோரு மாதம் பெரிய டெக்னீசியனுக்கு டீ வாங்கி வந்தேன். மிச்சமிருந்த ஒரு மாதத்தில் ரத்த ஓட்டம் படித்தேன். அது ஒன்றும் கஷ்டமில்லை. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்துக் கருத்த ரத்தம் இதயத்தின் வலது மேலறைக்கு வரும். அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்கும். அது ஒரு தள்ளு தள்ளினால் நுரையீரலுக்குப் போய், காற்று வாங்கி, சிவந்து, இடது மேலறைக்குத் திரும்பும். இடது கீழறைதான் அந்த வீட்டுப் பயில்வான். அது தள்ளும் தள்ளில் ரத்தம் மகாதமனி என்ற பெருங்குழாயில் ஏறி உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் போய்ச் சேர்ந்து, மறுபடி கருத்துக்கொண்டு வரும். வழியெல்லாம் ஒருவழிக் கதவுகள். நம் ஊர் ஒருவழிப் பாதை போல அல்ல; போனது உண்மையிலேயே எதிரே திரும்பி வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்கெல்லாம் ரத்தம் இறைக்கிற இதயம், தன் அறைகளுக்குள் நிறைந்து நிற்கும் ரத்தத்திலிருந்து ஒரு வாய் குடித்துக்கொள்ள முடியாது. மகாதமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு சிறு குழாய்கள் வழியாகத்தான் அதன் பங்கு அதற்கு வந்து சேரும். தெருத்தெருவாக வால்வு திறந்துவிடும் தண்ணீர்க்காரர் வீட்டுக் குழாயில் மட்டும் காற்று வருவதில்லையா, அந்த மாதிரி ஏற்பாடு. அந்தச் சிறு குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் உள்ள சதை சாகத் தொடங்கும். அதற்குப் பெயர்தான் ஹார்ட் அட்டாக். சாகிற சதை மின்சாரத்தைக் கோணலாகக் கடத்தும். அந்தக் கோணலைக் கட்டம் போட்ட காகிதத்தில் பிடிப்பது என் வேலை.

பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். கை கால்களுக்கு நான்கு கவ்விகள்: வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. இதில் தப்பு செய்யக் கூடுதல் திறமை வேண்டும். நெஞ்சுக்கு ஆறு குமிழ்கள். ரப்பர் பந்தை அமுக்கி வைத்தால் தோலைக் கவ்விக்கொள்ளும். தொண்டைக்குழிக்குக் கீழே விரலை இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணி இறங்கி, நான்காவது விலா இடுக்கில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நான்காவது குமிழ், காரை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே ஐந்தாவது இடுக்கில். மூன்றாவது, இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே. மற்ற இரண்டும் விலாவோடு சுற்றி அக்குளுக்கு நேர்கீழே வரை. ஒவ்வொரு குமிழும் ஒரு ஜன்னல். இதயத்தின் ஒரு சுவரைப் பார்க்கும். ஜன்னலை அடுத்த வீட்டில் வைத்தால் அடுத்த வீடுதான் தெரியும்.

இது ஆண்களுக்கு. பெண்களுக்கு என்ன செய்வது என்று மதுரையில் கேட்டதற்குப் பெரிய டெக்னீசியன் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "அடி வாங்காம எடுக்கணும். அதுதான் முறை."

நான் சேர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டிடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. அங்கே எனக்கு முன்பிருந்தவர் ஒரு முறை வைத்திருந்தார். பெண்கள் ரவிக்கையைக் கழற்ற வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். ரவிக்கை முடியும் இடத்துக்குக் கீழே, சேலை மறைவில் கையை விட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆறு குமிழ்களையும் வரிசையாக ஒட்டிவிட வேண்டும். இதற்கு ரவிக்கை வரிசை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். நோயாளிக்குக் கூச்சமில்லை, கூட வந்தவருக்குக் கோபமில்லை, எனக்கு அடியில்லை. இதயத்துக்குத்தான் சம்பந்தமில்லை. நான் எடுத்ததில் பாதி ஈரல், பாதி இரைப்பை.

நர்ஸை வைத்து எடுத்திருக்கலாமே என்பீர்கள். மெஷினை நர்ஸ் தொடக்கூடாது என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. யாரோ ஒரு நர்ஸ் எப்போதோ ஒரு குமிழை உடைத்திருந்தாள். பெண்ணை நான் தொடக்கூடாது என்பது ஊர் உத்தரவு. இரண்டு உத்தரவுக்கும் கட்டுப்பட்டு நடந்ததில், அந்த ஆஸ்பத்திரியில் பெண்ணின் இதயத்தை யாருமே தொடவில்லை.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கொண்டுபோகும் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கி, கள்ள நோட்டா என்று பார்ப்பவர் போலப் பார்ப்பார். நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பார்; அவர் பக்கம் பார்வை போகாது. பேனா மூடியைப் பல்லால் கழற்றி, மூடி வாயில் இருக்கும்போதே மூன்று கேள்வி கேட்பார். மூடியோடு கேட்பதால் யாருக்கும் புரியாது. புரியாமல் தலையாட்டியதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடுவார். ஆணாக இருந்தால் சிகரெட்டை விடச் சொல்லுவார். பெண்ணாக இருந்தால் கேஸ், அதாவது வயிற்று வாயு. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "யோவ் சுப்பையா, பேப்பர் பேசும். நீ பேசாத" என்பார்.

அவர் வீட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் இருந்தது. ஒருநாள் அது சோர்ந்து படுத்துவிட்டது என்று ஆஸ்பத்திரி முடிந்தபின் மெஷினைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். நெஞ்சில் மயிரை மழித்து, விலாவை எண்ணி, அவரே பக்கத்தில் நின்று இடம் காட்ட, எடுத்தேன். நான் அந்த மெஷினில் நெஞ்சுக்கு நேராகக் குமிழ் வைத்து எடுத்த முதல் பெண் அந்த நாய்தான்.

இப்படியே பதினாலு வருடம் ஓடியது. என் மனசாட்சி ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தியது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் அப்போது நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு தை மாதக் காலையில் குருவம்மாள் வந்தார். மகாராஜபுரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். கூட வந்த கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் நடையும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்னம்மா செய்யுது?" என்று குருவம்மாளிடம் கேட்டேன்.

"பித்தம்" என்றார் ஹவில்தார்.

"எங்க வலிக்குது?"

"குறுக்கு வலி. ராத்திரி மொச்சை தின்னா. சொன்னாக் கேக்கமாட்டா."

"அவிய சொல்லட்டுமே."

"அவ சொல்லுறதத்தான் நான் சொல்லுதேன்."

குருவம்மாள் மெதுவாக, "தாடை வலிக்குது தம்பி. ரெண்டு பக்கமும். கை அசந்து அசந்து வருது" என்றார்.

"பல்லுதான்" என்றார் ஹவில்தார். "பல்லைப் பிடுங்குன்னு ரெண்டு வருசமாச் சொல்லுதேன்."

மஞ்சள் கவ்வியை மாட்டும்போது குருவம்மாளின் மணிக்கட்டு என் கைக்குள் வழுக்கியது. ஜெல்லி தடவுவதற்கு முன்னாலேயே ஈரமாக இருந்தது. மலைக்காற்று ஜன்னல் வழியே வந்து நான் ஸ்வெட்டர் போட்டிருந்த காலை. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தில் சாம்பல் பூசியது போல ஒரு நிறம். அந்த நிறத்தை அதற்கு முன் ஆண்களிடம்தான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய காகிதத்தில் கோடும் அதற்கு ஏற்ற மாதிரிதான் வரும். இவருக்கு, ஹவில்தார் தலைமாட்டில் பாரா நிற்க, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வழக்கம்போல ரவிக்கை வரிசை எடுத்தேன். கோடு அழகாக வந்தது. சட்டம் போட்டு மாட்டலாம்.

பெரிய டாக்டர் டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தார். மூடியைக் கடித்தார். கேஸ் என்று எழுதி, ஒரு சிரப்பும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். ஹவில்தார் மனைவியை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். குருவம்மாள் சுவரில் தலையைச் சாய்த்து, தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மருந்தை வாங்கிவிட்டால் பஸ் ஏறிவிடுவார்கள். வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறி, இறங்கி, வீட்டுக்கு நடந்து, அடுப்பும் பற்ற வைப்பார். அந்தக் கை அதுவரைக்கும் தாங்குமா என்று எனக்குத் தோன்றியது. டாக்டரின் அறைக்குள் போனேன்.

"சார், அந்தப் பேப்பர் சரியில்ல."

"ஏன், மெஷின்ல கோளாறா?"

மனிதர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார். ஆமாம் சார் என்றால் போதும், நான் யோக்கியன், மெஷின் திருடன். ஆனால் மறுபடி எடுக்கும்போதும் இதே இடத்தில் இதே கோடுதான் வரும்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் தப்பான எடத்துல வச்சேன்."

"எங்க வச்ச?"

"எப்பவும் வைக்கிற எடத்துல."

பேனா மூடி வாயிலிருந்து மேஜைக்கு வந்தது. "எப்பவும்னா?"

"பொம்பளையளுக்கு எப்பவும். சட்டைக்குக் கீழ."

"எம்புட்டு நாளா?"

"சேந்த நாள்ல இருந்து சார். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான்."

அவர் முதல் தடவையாக ஒரு ஆளின் முகத்தைப் பார்த்தார். துரதிர்ஷ்டவசமாக அது என் முகம். அவருக்குத் தெரியாதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். குனிந்து அந்தக் காகிதத்தை நாலாக மடித்தார்.

"போய் ஒழுங்கா எடுத்துட்டு வா. இதை வெளிய எங்கயும் பேசாத. கதவச் சாத்திட்டுப் போ."

மேரி சிஸ்டரைக் கூப்பிட்டேன். பெரிய நர்ஸ் அவர்தான். இருபது வருட அனுபவம், பிரசவ வார்டையே ஒரு அதட்டலில் அடக்குவார். விஷயத்தைச் சொன்னதும், "இத்தன வருசமும் சட்டைக்கு வெளியவா ஜோசியம் பாத்திய?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஹவில்தார்தான் மறித்தார். கையில் சிரப் பாட்டில்.

"ஒருக்கா எடுத்தாச்சுல்ல? டாக்டரே எழுதிட்டாரு. இப்ப எதுக்குச் சட்டையக் கழத்தணும்?"

"சிஸ்டர்தான் வைப்பாங்க. நான் திரைக்கு இந்தப் பக்கம் மெஷின்கிட்ட இருப்பேன்."

"திரைல ஓட்ட இருக்கு."

உண்மைதான், இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. "நான் திரும்பிக்கிடுதேன்" என்றேன்.

"நீரு திரும்பிக்கிட்டா மிசினு எப்படி ஓடும்? அதெல்லாம் வேண்டாம். வீட்டுல போயி கசாயம் வச்சுக் குடுத்தா சரியாப் போயிரும்."

பெஞ்சிலிருந்து குருவம்மாள் பேசினார். சத்தம் இல்லை; ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தார். "இந்தாங்க. நீங்க அந்த ஓட்டைக்கு நேரா நில்லுங்க. நான் உள்ள போறேன்."

முப்பது வருடத் திருமணத்தில் அவர் கொடுத்த முதல் உத்தரவு அதுவாக இருக்க வேண்டும். ராணுவக்காரருக்கு உத்தரவு என்றால் என்னவென்று தெரியும். ஓட்டைக்கு நேராகப் போய், திரைக்கு முதுகைக் காட்டி, விறைப்பாக நின்றுகொண்டார்.

அப்புறம் நடந்தது, என் தொழில் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே வகுப்பு. மாணவி திரைக்கு உள்ளே, வாத்தியார் வெளியே, நடுவே ஒரு ஹவில்தார்.

"தொண்டைக்குழிக்குக் கீழ மேடு தட்டுதா சிஸ்டர்?"

"தட்டுது."

"அதுக்குப் பக்கத்துல உள்ளது ரெண்டாவது விலா. அதுக்குக் கீழ உள்ளது ரெண்டாவது பள்ளம். அங்கருந்து எண்ணுங்க."

"ரெண்டு... மூணு... அண்ணாச்சி, மூணுக்கப்புறம் எல்லாம் ஒன்னு போலத்தான் இருக்கு."

"அமுக்கித் தேடுங்க. பள்ளம் வரும்."

"கூசுதும்மா" என்றார் குருவம்மாள்.

"நாலாவது இருக்கு. வச்சாச்சு."

"நாலாம் நம்பர் குமிழு, மார்புக்குக் கீழ மடிப்புல வரும். மார்பைத் தூக்கிட்டு வைக்கணும்."

ஹவில்தாரின் பிடரி சிவந்ததை நான் பார்த்தேன். ஆள் அசையவில்லை. கையிலிருந்த சிரப் பாட்டிலின் மூடி மட்டும் திருகித் திருகித் திறந்துகொண்டது.

ஆறும் வைத்தாயிற்று என்று மேரி சிஸ்டர் சொன்னதும் பொத்தானை அமுக்கினேன். கை கால் கோடுகள் முன்பு வந்தது போலவே ஒழுங்காக வந்தன. நெஞ்சுக் கோடுகள் தொடங்கின. முதல் குமிழிலேயே தெரிந்துவிட்டது. ஏறி இறங்கித் தரையைத் தொட வேண்டிய கோடு இறங்கவே இல்லை. மேலேயே தங்கி, செண்பகத்தோப்பு மலைப் பக்கம் தெரியும் மொட்டைப் பாறை போல நின்றது. இரண்டாவதில் இன்னும் உயரம். மூன்று, நான்கு, எல்லாவற்றிலும் பாறை. இதயத்தின் முன்சுவர் செத்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் கீழே வைத்துப் பார்த்தபோது சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி இருந்த அதே இதயம்.

காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை பெரிய டாக்டர் டியூப் லைட்டைத் தேடவில்லை. எழுந்து வந்தார். ஒன்று சொல்ல வேண்டும்: மனிதர் வேலை தெரிந்தவர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அவரே போட்டார், நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை, மதுரைக்குப் போன் செய்தார், ஆம்புலன்ஸ் வரும்வரை கட்டிலை விட்டு நகரவில்லை.

வண்டியில் ஏற்றும்போது ஹவில்தார் கேட்டார், "கேஸுன்னு சொன்னீங்களே சார்?"

"கேஸாத்தான் ஆரம்பிச்சது. பொறவு இப்படி ஆயிருச்சு" என்றார் டாக்டர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். காகிதம் பேசும், நான் பேசக்கூடாது, பேசவில்லை.

மறுவாரம் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து டாக்டர் ஒரு புதிய திட்டத்தை அறிவித்தார். பெண்களின் கண்ணியம் கருதி, இனி பெண்களுக்கு நர்ஸே குமிழ் வைப்பார். தன் நீண்டநாள் கனவு என்றார். வாசலில் போர்டு எழுதி மாட்டினார்கள். புதுத் திரை வந்தது, ஓட்டையில்லாமல். அந்த வருடத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களில் இதய நோயாளிகள் திடீரென்று பெருகினார்கள். டாக்டர் அதற்கு பால்கோவாவையும் பரோட்டாவையும் காரணமாகச் சொல்லி, ஒரு கூட்டத்தில் பேசிப் பொன்னாடையும் வாங்கினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். தட்டுவதற்கு எனக்கும் காரணம் இருந்தது. பழி பால்கோவா மேல் போனதில் என் மேல் விழ வேண்டிய பாதியும் மிச்சம்.

மூன்று மாதம் கழித்துக் குருவம்மாள் மறுபரிசோதனைக்கு வந்தார். மதுரையில் அடைத்திருந்த குழாயைத் திறந்து, ஸ்டென்ட் என்னும் கம்பிவலை வைத்திருந்தார்கள். முகத்தில் மனித நிறம் வந்திருந்தது. ஹவில்தார் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்; இப்போதெல்லாம் கேட்டால்தான் பேசுகிறார் என்று தெரிந்தது. மேரி சிஸ்டர் குமிழ் வைத்துவிட்டு, பிறகு ஜெல்லியைத் துடைக்கப் பஞ்சு எடுக்க வெளியே போனார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து குருவம்மாள் கூப்பிட்டார்.

"தம்பி, மொதல்ல ஒருக்கா எடுத்தியளே, அதுல ஒன்னும் தெரியல. பொறவு சட்டையக் கழத்தி எடுத்ததுலதான் தெரிஞ்சுது. அப்படித்தான?"

"ஆமாம்மா."

"ஆலங்குளத்துல எங்கண்ணன் இருக்கான். ரெண்டு வருசத்துக்கு முன்ன மதினிக்கு இப்படித்தான் நெஞ்சக் கரிக்குது, கை அசருதுன்னு இங்கதான் கூட்டியாந்தோம். நீங்கதான் எடுத்திய. நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாக. எட்டாம் நாள் எறந்துட்டா. அவளுக்கு எங்க வச்சு எடுத்திய?"

பதினாலு வருடத்தில் எத்தனை பெண்களுக்கு எடுத்தேன் என்று நான் எண்ணியதில்லை. அவர் மதினியின் முகம் எனக்கு நினைவில் இல்லை. முகத்தைத்தான் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேனே.

"தப்பான எடத்துலதாம்மா" என்றேன்.

"நெனச்சேன்."

பிறகு அவரே சொன்னார், "அண்ணன் இந்தப் பக்கம் வந்தா இதச் சொல்லாதிய. விதின்னு நெனச்சு இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கான்."

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். குருவம்மாள் சொன்னபடி அந்த அண்ணனிடம் சொல்லவில்லை. அந்த அண்ணனும் இறந்து நாளாகிறது. மற்ற பெண்களின் அண்ணன்களோ பிள்ளைகளோ யாரும் இதுவரை வந்து கேட்டதில்லை. கேட்கட்டும் என்றுதான் எழுதினேன்.